ஓடிப்போனவனின் காற்று

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய அன்று, சங்ககிரி ரோட்டில் தார் இளகி லாரி டயர்களோடு ஒட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்த மதியத்தில், வசந்தாமணி வாடகைக்கு ஓட்டும் பழைய வெள்ளைக் கார் பனிமலைக் காற்றை இழுக்கத் தொடங்கியது. யாரும் மந்திரம் போடவில்லை, எந்தச் சாமியும் கனவில் வந்து சொல்லவில்லை, வண்டி முச்சந்தியில் எலுமிச்சம்பழத்தைத் தாண்டிப் போகவுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு குடும்பத்தை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகையில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். அந்த விளக்கு எரிந்தால் வண்டியை அய்யாவு மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் அவளும் கொண்டுபோய் விட்டாள்.

வசந்தாமணி யார் என்று சொல்ல வேண்டுமானால், அந்த வருஷம் பங்குனியிலிருந்து ஊர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது என்பதில் தொடங்க வேண்டும். திருச்செங்கோட்டில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளை போர்வெல் வண்டியோடு போயிருப்பான். பூமிக்குள் தண்ணீர் எங்கெல்லாம் ஒளிந்துகொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் துளை போட எங்கள் ஊர் ரிக் லாரிகள் புறப்பட்டுப் போகும், ஒரிசாவுக்குப் போகும், ராஜஸ்தானுக்குப் போகும், கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகும், போன ஆட்கள் பொங்கலுக்குத் திரும்புவார்கள், பொங்கல் முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். அவள் புருஷன் செங்கோடன் அப்படித்தான் தைமாதம் நாச்சிமுத்து முதலாளியின் ரிக்கில் ஏறி லடாக் பக்கம் போனான். பங்குனியில் ரிக் திரும்பி வந்தது, ஆட்கள் திரும்பி வந்தார்கள், செங்கோடன் வரவில்லை. "அங்கியே ஒருத்தியோட ஓடிப்போயிட்டான் அம்மிணி, நானென்ன பண்றது?" என்று நாச்சிமுத்து கையை விரித்தார், கூடப் போன ஆட்கள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். "அவரு ரோட்டத் தாண்டறதுக்கே என்ற கையப் புடிச்சுக்குவாருங்க. அவரா ஓடறவரு?" என்று கேட்டுவிட்டு வசந்தாமணி எழுந்து வந்துவிட்டாள். ஆனால் முதலாளி சொன்னால் சொன்னதுதான் என்கிற ஊர் இது, அன்றிலிருந்து அவள் ஓடிப்போனவன் பொண்டாட்டி ஆனாள்.

அய்யாவு எதையும் லேசில் நம்பாத மனுஷன். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. இஞ்சினுக்குள்ள போற காத்து சூடா, குளுரான்னு பாத்துச் சொல்ற சென்சார் ஒண்ணு இருக்குது. அது போயிருச்சு. வெளிய நாப்பத்திரெண்டு டிகிரி கொளுத்துது, இது மைனஸ் பதினொண்ணுங்குது."

"பொய் சொல்லுதுங்களா?"

"வெவஸ்தையில்லாமச் சொல்லுது. மாத்திப் போட்டாச் சரியாப் போயிரும்."

மாற்றிப் போட்டார். சுண்டுவிரல் நீளம் கூட இல்லாத அந்தக் கறுப்புக் குச்சியைப் புதிதாக வாங்கிப் போட்டும் மைனஸ் பதினொன்று. பக்கத்தில் நின்ற ஒரு டாக்டர் வண்டியில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்ததைக் கழற்றி இதில் மாட்டினார், அதுவும் வந்த இடத்தின் பழக்கத்துக்கு மாறி மைனஸ் பதினொன்று என்றது. கழற்றிக் கையில் பொத்திப் பிடித்தால் உடம்புச் சூட்டைச் சொன்னது, டீக்கிளாசில் முக்கினால் டீயின் சூட்டைச் சொன்னது, திரும்பக் காற்றுக்குழாயில் செருகினால் பனியைச் சொன்னது. சரி, வயரில்தான் கோளாறு என்று வயரை முழுதும் உரித்துப் பார்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து, புது வயரே இழுத்துக் கட்டினார்; ஒன்றும் மாறவில்லை.

இதற்கு மேல் ஒரு சாதாரண மெக்கானிக் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லியிருப்பான். அய்யாவு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தார். வயர் அறுந்திருந்தால் ஸ்கேனர் எந்நேரமும் மைனஸ் நாற்பது என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதுவோ காலையில் மைனஸ் பதினாறு, உச்சியில் மைனஸ் எட்டு, பொழுது சாய்ந்தால் மறுபடி பதினொன்று என்று, ஒரு ஊருக்கு எப்படிப் பொழுது விடிந்து பொழுது போகுமோ அப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதுபோக, சென்சார் பொய் சொன்னால் அதை நம்பி வண்டி பெட்ரோலைக் கொட்டும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும், நெடி தாங்காது. இந்த வண்டியின் சைலன்சரில் வெள்ளைத் துணியைப் பிடித்தால் வெள்ளையாகவே வந்தது, இழுவையோ புது வண்டி தோற்றுப்போகும். ஆக மிச்சமிருந்தது ஒரே ஒரு வழிதான். ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார், கை பிசுக்கென்று ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தபோது உள்ளங்கை நிறையப் பனி இருந்தது.

"சென்சார் நல்லாத்தான் இருக்குது அம்மிணி," என்றார் அய்யாவு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே. "காத்துத்தான் இந்த ஊருக் காத்தில்ல."

அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருக்காது. காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எதற்கு ஆகும் என்று கேட்டார்கள். முதலில் மோர் விற்கிற பாப்பாயி தன் பானையைக் கொண்டுவந்து பானட்டுக்கடியில் வைத்தாள், அப்புறம் மீன்கடைக்காரர் வந்தார், அப்புறம் பூக்கட்டுகிறவர்கள் கல்யாண மாலைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள், கரண்ட் போன ஒரு மத்தியானம் நர்சம்மா குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், வெக்கை தாங்காமல் மயங்கிய கைத்தறிக்காரர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்து காருக்கு முன்னால் போட்டார்கள், ஊர் ஆடுகளெல்லாம் மேய்ச்சலை மறந்து காரைச் சுற்றிப் படுத்து அசைபோட்டன. காரை அவள் வாசலில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டால் போதும், டப்பாவின் வாயிலிருந்து வழிந்த குளிர் தெருவில் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. வரிசை போட்டார்கள், வரிசையில் சண்டை போட்டார்கள், சண்டையைத் தீர்க்க வார்டு கவுன்சிலர் தங்கராசு தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். ஓடிப்போனவன் பொண்டாட்டி என்று பங்குனியில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் சித்திரையில் "சாப்பிட்டயா கண்ணு?" என்று விசாரித்தார்கள். வசந்தாமணிக்கு இந்த மரியாதை எதற்கு என்று தெரியும், சிரித்துக்கொண்டே "ஆச்சுங்க" என்றாள், பெட்ரோல் மட்டும் கமிட்டிதான் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ரிக்கில் போனவர்களின் மனைவிமார்களும் வந்தார்கள். அவர்களில் ஈஸ்வரி என்று ஒருத்தி, புருஷனை ஒரிசாவுக்கு அனுப்பிவிட்டுக் கைக்குழந்தையோடு இருந்தவள், மோர்ப்பானை எதுவும் கொண்டுவராமல் சும்மா வந்து டப்பாவின் வாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போவாள். அவளுக்குத்தான் முதலில் தோன்றியது. "அக்கா, குளுரு மட்டுமில்ல, யாரோ இருமறாங்க" என்றாள்.

வசந்தாமணி அன்றைக்கே டப்பாவைக் கழற்றி ஃபில்டரைத் தட்டினாள். பனியோடு பொடி கொட்டியது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போர் போடும்போது ரிக் கக்குகிற பாறைப்பொடியை எங்கள் ஊர் ஆட்கள் விரலில் தேய்த்துப் பார்த்தே எந்த மண், எத்தனை ஆழம், தண்ணீர் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். பெண்கள் அதற்கும் ஒரு படி மேலே, புருஷன் சட்டைக் காலரைத் துவைக்கிற கல்லில் ஓடுகிற தண்ணீரின் நிறத்தை வைத்தே அவன் கடைசியாக எந்த ராஜ்யத்தில் வேலை செய்தான் என்று சொல்வார்கள், அவன் கதை விட்டால் அங்கேயே பிடிபடுவான். டப்பாவிலிருந்து விழுந்த பொடி ஊதாவும் பச்சையும் கலந்து பழைய காயத்தின் நிறத்தில் இருந்தது. தென்னாட்டில் அப்படி ஒரு பாறை கிடையாது. போன வருஷம் லடாக் போய்வந்த செங்கோடனின் சட்டையில் அவள் அதைத் துவைத்திருக்கிறாள், மூன்று அலசல் அலசியும் போகாத பொடி அது.

அவள் பொடியை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே மாரப்பன் வீட்டுக்குப் போனாள். மாரப்பன் செங்கோடனோடு அதே ரிக்கில் போனவன், தரையைப் பார்த்துத் தலையாட்டியவர்களில் ஒருவன். சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனின் தட்டுக்குப் பக்கத்தில் முடிச்சை அவிழ்த்து வைத்தாள். அவன் விரலால் தொட்டான், தேய்த்தான், அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

"அவன் ஓடிப்போகலீங்க," என்றான். "பள்ளத்தாக்குல போர் ஓட்டிக்கிட்டிருந்தோம். பனி வரப்போவுது, வண்டியக் கீழ எறக்குன்னு சொல்லிப்போட்டாங்க. குழாயெல்லாம் ஏத்தறதுக்கு நேரமில்ல. குழாய விட்டுப்போட்டு வந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான், ஒருத்தன காவலுக்கு உடுங்கடான்னு மொதலாளி போன்ல சொன்னாரு. செங்கோடன் நான் இருக்கறேன்னான். ஆளுங்களுக்கு வாங்கி வெச்ச அரிசி, மண்ணெண்ணெயெல்லாம் அவங்கிட்டயே உட்டுட்டு, ரெண்டு நாள்ல வர்றோம்னுதான் சொல்லிட்டு வந்தோம். அப்பறம் ரோடு மூடிருச்சு. ஆளு செத்திருப்பான்னு மொதலாளி முடிவு பண்ணிட்டாரு. ஓடிப்போயிட்டான்னு சொல்லுங்கடான்னாரு."

"நீ சொன்ன."

"சொன்னேனுங்க."

"எந்த மலை?"

மாரப்பனுக்குத் தெரியவில்லை. மேப் பார்த்து ஓட்டிய டிரைவர் இப்போது ஆப்பிரிக்காவில் எந்தக் காட்டில் துளை போடுகிறானோ, பின்னால் குழாய்மேல் தூங்கிக்கொண்டு போனவர்களுக்கு எல்லா மலையும் ஒரே மலைதான். முதலாளியைக் கேட்டால் பழைய கதையைத்தான் திரும்பச் சொல்வார் என்று அவள் வடக்கே எந்தெந்த ஆபீசுக்கோ போன் போட்டாள். பாதிப்பேருக்கு அவள் பேச்சு புரியவில்லை, புரிந்த ஒருவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், எந்த மலை அம்மா என்று. எந்த மலை என்பது அந்தக் காருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அவள் அய்யாவு சொருகிய ஸ்கேனரை வண்டியிலிருந்து கழற்றவில்லை. ஊர் மோரைக் குளிர வைத்துக்கொண்டிருந்தபோது அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒருதரம், பொழுதோடு விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருதரம், குளிர் தானாகக் கொஞ்சம் இளகும். ஒரு உலை கொதித்து அடங்குகிற நேரம் எண் மேலே ஏறி நிற்கும், அப்புறம் சரசரவென்று இறங்கிவிடும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது அடுப்பு என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, அவன் உயிரோடு உட்கார்ந்து அடுப்பு பற்றவைக்கிறான் என்று விளங்கிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மோர் வாங்க வந்தவர்கள் புருஷன் நினைப்பு போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அந்த ஏற்றம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. முதலில் பூஜ்யத்தைத் தொட்டது, பிறகு மைனஸ் மூன்றோடு நின்றது, பிறகு மைனஸ் ஆறு. எரிக்க இருந்தது தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல மெக்கானிக் வேண்டியதில்லை.

அவள் கிளம்புவது என்று முடிவு செய்தபோதுதான் தெரிந்தது, காரைச் சுற்றிக் கமிட்டி பந்தல் போட்டுவிட்டது என்று.

சாதாரணப் பந்தல் அல்ல. காரின் நாலு பக்கமும் சவுக்குக்கால் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, அதற்கடியில் பட்டுத்துணி கட்டி, சீரியல் பல்பு தொங்கவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லை அண்டைகொடுத்து, பானட்டுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். செலவு முழுவதும் நாச்சிமுத்து முதலாளியின் உபயம் என்று பேனர் கட்டியிருந்தது. அவரே வந்து பந்தலுக்குள் ஒரு நாற்காலி போட்டு, கால்களைக் குளிரில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாரப்பன் வாய் திறந்துவிட்டான் என்பது அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் அவனைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. காரை நகரவிடாமல் செய்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதை ஊரை வைத்தே செய்யத் தெரிந்திருந்தது, அதனால்தானே அவர் முதலாளி.

"கத்திரி வெயில் முடியட்டும் அம்மிணி," என்றார் கவுன்சிலர் தங்கராசு, குரலில் தேனொழுக. "ஊரே இத நம்பி இருக்குது. வயசானவங்க இருக்கறாங்க, புள்ளத்தாச்சிங்க இருக்கறாங்க. ஆண்டவன் குடுத்த குளுரு. அத எடுத்துக்கிட்டுப் போறேங்கறயே, மனசு வருதா?"

"இது ஆண்டவன் குடுத்த குளுரு இல்லீங்க," என்றாள் வசந்தாமணி. "என்ற ஊட்டுக்காரரு பட்டுக்கிட்டிருக்கற குளுரு. அதுல நீங்க மோர் வெச்சுக் குடிக்கறீங்க."

பாப்பாயி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

நாச்சிமுத்து மட்டும் சிரித்தார். "இங்க பாரு, ஓடிப்போனவனத் தேடிப் பொம்பள ஓடுனா ஊரு சிரிக்கும். அவன் எவகூடவோ குடும்பம் நடத்திட்டிருப்பான், நீ போய் நின்னா உனக்குத்தான் அசிங்கம். பேசாம இரு. ஊரு உன்னைய மதிக்குதல்ல இப்ப? அதக் கெடுத்துக்காத."

"மதிச்சது போதுமுங்க."

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கமிட்டிக்காரர்கள் முன்னால் வந்து கைகோத்து நின்றார்கள், சக்கரத்துக்குக் கீழே கல் கிடந்தது, அதை எடுக்க ஒரு ஆண்பிள்ளைக்கும் கை வரவில்லை, அய்யாவு கூடப் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் நின்றார். அப்போது ஈஸ்வரி குழந்தையைப் பாப்பாயி மடியில் போட்டுவிட்டு, குனிந்து, முன்சக்கரத்துக் கல்லை இரண்டு கையாலும் பிடுங்கித் தூர எறிந்தாள். "நாளைக்கு ஒரிசாக் காத்து வந்தாலும் நீங்க இப்பிடித்தான பந்தல் போடுவீங்க," என்றாள் கூட்டத்தைப் பார்த்து, அவ்வளவு சத்தமாக அவள் பேசி ஊர் கேட்டதில்லை. அதற்கப்புறம் அய்யாவு வந்து பின்சக்கரத்துக் கல்லை எடுத்தார். மாரப்பன் எங்கிருந்தோ வந்து, கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வசந்தாமணி கியரைப் போட்டாள். கைகோத்தவர்கள் கடைசி நொடியில் கையை விட்டுவிட்டு விலகினார்கள், ஒரு சவுக்குக்கால் சாய்ந்தது, அதோடு இன்னொன்று சாய்ந்தது, கீற்றும் பட்டுத்துணியும் சீரியல் பல்பும் முதலாளியின் நாற்காலிமேல் சரிந்தன, பேனர் பாதி கிழிந்து காரோடு சங்ககிரி ரோடு வரைக்கும் வந்து விழுந்தது. தெருவில் தேங்கியிருந்த குளிர் வடிந்து, ஒரு நிமிஷத்தில் அக்கினி வெயில் திரும்ப வந்து எல்லார் தலையிலும் உட்கார்ந்தது.

அவள் போனாள். வழியெல்லாம் எரிந்துகொண்டிருந்த நாட்டை, ஆந்திரத்து மிளகாய்க் களங்களைத் தாண்டி, நாகபுரிப் பக்கத்து அனலைத் தாண்டி, டில்லியின் தூசியைத் தாண்டி, வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொதிக்க உள்ளே இஞ்சின் பனியை மூச்சிழுக்க, ஓட்டினாள். தூக்கம் வந்தால் ஃபில்டர் டப்பாவிலிருந்து ஒரு கை பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டு ஓட்டினாள், பெட்ரோல் பங்குகளில் தமிழில் கேட்டு தமிழிலேயே திட்டி வழி வாங்கினாள், மாரப்பன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்த போதெல்லாம் "மேப்பப் பாரு" என்று அடக்கினாள். மலை ஏறத் தொடங்கியதும் வெளிக்காற்று குளிர ஆரம்பித்தது, பாதை பிரிகிற இடங்களில் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்து, வெளியே இருக்கிற குளிரும் உள்ளே இருக்கிற குளிரும் எந்தப் பக்கம் நெருங்கி வந்ததோ அந்தப் பக்கம் திரும்பினாள். பொழுதோடு ஏறும் எண் அன்றைக்கு ஒரே ஒரு டிகிரிதான் ஏறியது. மறுநாள் காலையில் ஏறவேயில்லை. அவள் மாரப்பனிடம் அதைச் சொல்லவில்லை, ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்தினாள்.

ராணுவத்தார் ரோட்டில் பனியை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்த இடத்தில் நிற்கச் சொன்னார்கள், அவள் நிற்கவில்லை. துரத்தி வந்தவர்கள் ஒரு பள்ளத்தாக்கின் தலையில் அவள் கார் தானாகவே நின்றிருப்பதைப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. உள்ளே என்ன காற்றோ வெளியேயும் அதே காற்று. கீழே, பாதி பனியில் புதைந்து, இரும்புக் குழாய்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன, குழாய்களுக்கு நடுவில் ஒரு தார்ப்பாய் கூடாரம் சாய்ந்து கிடந்தது. அவள் செருப்புக்காலோடு பனியில் இறங்கி ஓடினாள்.

செங்கோடன் எல்லாப் போர்வையையும் சுற்றிக்கொண்டு, அணைந்துபோன அடுப்புக்கு முன்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டிப் பலகை, சாக்கு, ரப்பர் செருப்பு என்று எரியக்கூடியது எல்லாவற்றையும் எரித்திருந்தான். அவளைப் பார்த்தான், ஆனால் அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"வண்டி வந்துருச்சா?" என்றான். "குழாயெல்லாம் பத்திரமா இருக்குது. எண்ணிப் பாத்துக்கச் சொல்லு."

வசந்தாமணிக்கு அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தாக்கில் எறிய வேண்டும் போலிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் முகத்தைக் கையில் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"குழாய் கெடக்குதுங்க. எந்திரிங்க. ஊருல நீங்க ஓடிப்போயிட்டீங்களாம்."

செங்கோடன் போர்வையை விலக்கி, விரல் நுனிகள் கறுத்துப்போன தன் கால்களைப் பார்த்தான். "இந்தக் காலை வெச்சுக்கிட்டா?" என்றான்.

ராணுவ ஆஸ்பத்திரியில் அவன் இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் எடுக்காமல் அவர்கள் திருப்பித் தந்ததற்கு வசந்தாமணி அவர்கள் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டாள். திரும்பி வரும் வழியில் கார் அந்தந்த ஊருக் காற்றை இழுத்துக்கொண்டு சாதாரணக் காராகவே வந்தது.

கத்திரி முடியவில்லை. நட்டநடு மத்தியானத்தில் வெள்ளைக் கார் சங்ககிரி ரோட்டில் திரும்பியதைப் பார்த்ததும் ஊர் பானைகளோடு ஓடிவந்தது. பாப்பாயிதான் முதலில் பானட்டைத் தொட்டாள், சுரீரென்று சுட்டது, கையை உதறிக்கொண்டு "போச்சா?" என்றாள். அப்புறம்தான் பின்சீட்டில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். பானையை இடுப்பில் வைத்தபடியே ஓரமாக நகர்ந்தாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டுக் காரின் பின்னாலேயே வந்தார்கள். அவள் தன் வீட்டைத் தாண்டிப் போனாள், அய்யாவு பட்டறையைத் தாண்டிப் போனாள், ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் நாச்சிமுத்து முதலாளியின் வளாகத்துக்குள் நுழைந்து வீட்டுக்கு நேரெதிரே நிறுத்தினாள். மாரப்பன் இறங்கிப் பின்கதவைத் திறந்து கைகொடுத்தான். செங்கோடன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, வெயிலில், எல்லாரும் பார்க்க, ஒரு காலைக் கீழே ஊன்றினான், பிறகு மற்றதை ஊன்றினான்.

"ஏனுங்க மொதலாளி," என்று வசந்தாமணி குரல் கொடுத்தாள். "ஓடிப்போனவரு வந்திருக்காருங்க. வெளிய வந்து பாருங்க."

மாடி ஜன்னலில் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள், அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டு ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். கவுன்சிலர் தங்கராசு வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, "போதும் அம்மிணி, பேசித் தீத்துக்கலாம்" என்றார். அவள் கையை எடுக்கவில்லை. பழைய காரின் ஹாரன்தானே, கொஞ்ச நேரத்தில் கம்மிப்போய்த் தேய ஆரம்பித்தது, மாடித் திரைக்குப் பின்னால் நின்றவர் அது நிற்கட்டும் என்று காத்திருந்தார். அப்போது ஈஸ்வரி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற ரிக் லாரியின் படியில் கால் வைத்து ஏறினாள், ஒரு மலையே வழிவிடுகிற அந்த ஹாரனை அழுத்தினாள். ராஜஸ்தானுக்குப் புருஷனை அனுப்பியவள் அடுத்த லாரியில் ஏறினாள், ஆப்பிரிக்காவுக்கு மகனை அனுப்பியவள் அதற்கடுத்ததில் ஏறினாள், வளாகத்தில் நின்ற எல்லா லாரியிலும் ஒரு பொம்பளை ஏறிக்கொண்டாள். செங்கோடன் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கதவு திறக்கிற வரைக்கும் ஒருத்தியும் கையை எடுப்பதாக இல்லை.